படகில் ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி!

லீவு விட்டாச்சு. ஊட்டியா, கொடைக்கானலா, பிச்சாவரமா, கேரளா பக்கம் ஆலப்புழையா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். எந்த ஊர் ஜெயித்தாலும் வாண்டுகளின் கோரிக்கை ஒன்றுதான். "அப்பா, போட்ல போகணும்ப்பா!"

படகுத்துறைக்குப் போனதும் நாம் கேட்பது இரண்டே கேள்வி. "ஆளுக்கு எவ்வளவு? எவ்வளவு நேரம் சுத்திக் காட்டுவீங்க?" ஒரு புடவை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிற நாம், குழந்தையை ஏற்றப்போகும் படகை இரண்டே நிமிஷத்தில் முடிவு செய்துவிடுகிறோம். முதலில் கேட்க வேண்டியது வேறு. "என் குழந்தைக்குச் சரியா பொருந்துற லைஃப் ஜாக்கெட் இருக்கா?" இல்லை என்று பதில் வந்தால், படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுக்கான படகு இல்லை.

ஜாக்கெட் பொருந்துகிறதா?

பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி, "டைட்டா கட்டிட்டேன் சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆகும்! தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும். குழந்தை அதிலிருந்து கீழே நழுவும்.

வயதைவிட எடைதான் முக்கியம். எந்த எடைக்கு உரியது என்று ஜாக்கெட்டின் உள்பக்கம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டி, எல்லா பக்கிளையும் போட்டபிறகு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் ஏறி வந்து முகவாயையும் காதையும் மறைத்தால், அது பெரிய சைஸ். சின்னக் குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே கொடுத்து மாட்டும் பட்டை இருப்பது நல்லது. அடிக்கடி இப்படிப் போகிற குடும்பம் என்றால், சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். காற்றடைத்த ரப்பர் வளையம் இதற்கு ஈடாகாது.

கைக்குழந்தைக்குப் பொருத்தமான ஜாக்கெட் கிடைப்பது அரிது. அந்த ஒரு வருஷம் மட்டும் படகு ஆசையைத் தள்ளிப்போடுங்கள்.

உருளியா, டம்ளரா?

மேஜையில் ஓர் உருளியையும் உயரமான டம்ளரையும் வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். டம்ளர் சாயும், உருளி அசையாது. படகும் அப்படித்தான். அடிப்பாகம் அகலமாகவும் இருக்கை தாழ்வாகவும் இருந்தால் ஆட்டம் குறையும். குறுகலான படகில் உயரமான நாற்காலிகளைப் போட்டு உட்கார வைத்தால், பாரம் மேலே ஏறிச் சீக்கிரம் சாயும். எழுந்து நின்றாலும் இதே கதைதான்.

எந்த ஊரில் எந்தப் படகு?

ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் எல்லோருக்கும் பிடித்தது பெடல் படகு. ஆனால், அப்பாவும் அம்மாவும் பெடல் மிதித்தால் குழந்தையைப் பார்ப்பது யார்? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் படகோட்டியோடு வரும் துடுப்புப் படகே மேல். ஒருவர் கை எப்போதும் குழந்தைக்காகக் காலியாக இருக்க வேண்டும்.

பிச்சாவரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் போகும் குறுகிய கால்வாய்களுக்குத் துடுப்புப் படகுதான் ஏற்றது. வேகம் குறைவு. ஆனால், தாழ்ந்த கிளைகளைப் பிடிக்கக் குழந்தை எட்டிச் சாயும். அதை நடுவில் உட்கார வையுங்கள்.

ஆலப்புழையில் பெரிய படகுகள் நுழைய முடியாத சின்னக் கால்வாய்களுக்கு வள்ளத்தில் அழைத்துப் போவார்கள். கிராமத்து வாழ்க்கையைப் பக்கத்தில் பார்க்க அருமையான வழி. வள்ளம் நீளமானது, அகலம் குறைவு. சொன்னபடி அசையாமல் உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு ஓகே. துறுதுறு வாலுக்கு வேண்டாம்!

படகு வீட்டில் ஆபத்து வேறு மாதிரி. 'வீடு மாதிரிதானே இருக்கு' என்று நாம் அசந்துவிடுவோம். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி வழியே குழந்தை நுழைய முடியுமா என்று ஏறியதும் பாருங்கள். கரையோரம் கட்டிய பிறகும் சுற்றிலும் தண்ணீர்தான். இரவு அறைக் கதவைத் தாழிடுங்கள்.

ஒகேனக்கல் பரிசல் வட்டமானது, சுழலும். பாறையும் நீரோட்டமும் உள்ள இடம். சின்னக் குழந்தைக்கு அருவியைக் கரையிலிருந்தே காட்டுங்கள். நீர்வரத்து கூடிப் பரிசலுக்குத் தடை போட்டிருக்கும்போது, "கொஞ்சம் கூடக் கொடுத்தா கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது அழைத்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

வேண்டாம் என்று சொல்லுங்கள்

2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7-ம் தேதி கேரளாவின் தானூரில் மாலை நேரத்தில் கவிழ்ந்த படகில் 22 பேர் போனார்கள். பலர் குழந்தைகள். அந்தப் படகில் அளவுக்கு மீறிய கூட்டம்.

ஆகவே, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏறினால் இறங்கிவிடுங்கள். இருட்டும் நேரத்துச் சவாரி வேண்டாம். மேகம் கறுத்துக் காற்று எழுந்தால் வேண்டாம். படகோட்டி குடித்திருந்தால் வேண்டவே வேண்டாம். "டிக்கெட் வாங்கியாச்சே" என்று கணவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. போவது சில நூறு ரூபாய்தான்.

படகில் இருக்கும்போது...

ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, திரும்பக் கரை ஏறிய பிறகே கழற்றுங்கள். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா போடாததைப் பிள்ளை போடாது! குழந்தையைத் துப்பட்டாவால் உங்களோடோ படகோடோ கட்டாதீர்கள். கவிழ்ந்தால் அதுவே எமன். "இப்ப நீங்க பாருங்க, அப்புறம் நான்" என்று பேசி, ஒரு சமயத்தில் ஒருவர் முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பவர் அந்த ஒருவராக இருக்கக் கூடாது.

தவறி விழுந்தால்?

மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கைதட்டி அழைக்காது. சத்தமில்லாமல் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே எல்லாம் நடந்துவிடலாம். அதனால்தான் கண் எடுக்கக் கூடாது என்கிறோம்.

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் கூடாது. நேரம்தான் வீணாகும், வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கை அடைத்து, வாயோடு வாய் வைத்து மார்பு உயரும்படி ஐந்து முறை ஊதுங்கள். அசைவு இல்லையென்றால் நடு மார்பில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊதுங்கள். உதவி வரும்வரை இதையே தொடருங்கள். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போகவேண்டும். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து, பயணத்தையே ரத்து செய்ய வேண்டியதில்லை. அலை தட்டும் சத்தமும், துடுப்பில் சொட்டும் தண்ணீரும் குழந்தைக்கு எந்த டி.வி.யும் தராத சந்தோஷம். தாராளமாகக் கூட்டிப் போங்கள். கவுண்ட்டரில் பணத்தை நீட்டும் முன் அந்த முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்!