தேவாங்கு ஒன்றல்ல

மெலிந்த உடலும் உருண்ட விழியுமாய் நிற்பவரைத் 'தேவாங்கு' என்று கேலி செய்வது எம்மிடையே உள்ள வழக்கம். அந்த விலங்கை நேரில் கண்டவர்களோ மிகச் சிலர். இரவில் மாத்திரம் வெளிப்பட்டு, பூச்சிகளைப் பிடித்துண்டு, பொழுது விடியுமுன் இலைச்செறிவுக்குள் சுருண்டுவிடும் உயிரினம் அது. பூனாகலை போன்ற ஊவாத் தோட்டங்களின் காட்டோரத்தில் அதைக் காண நேர்பவர், தேவாங்கு என்ற ஒரே பெயரோடு நின்றுவிடுகிறார். விஞ்ஞானமும் நெடுங்காலம் அவ்வாறே நின்றிருந்தது.

1758ஆம் ஆண்டு லினேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். பின்னர் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்பவை யாவும் ஓரினமே என்ற கருத்து வேரூன்றியது. 2001இல் விலங்கியலாளர் கொலின் குரோவ்ஸ் தமது நூலில் அவற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று செந்தேவாங்கு. இது உலகில் இலங்கைக்கு மாத்திரமே உரியது. பெரும்பாலும் தென்மேற்கின் ஈரவலயக் காடுகளில் வாழ்கிறது. மற்றையது சாம்பல் தேவாங்கு. இது தென்னிந்தியாவிலும் இலங்கையின் உலர்வலயத்திலும் மலைப்பகுதிகள் சிலவற்றிலும் காணப்படுகிறது.

பெயரை நம்பி நிறத்தை மாத்திரம் பார்ப்பவர் ஏமாந்து போவார். சாம்பல் தேவாங்கின் முதுகிலும் செம்மை படர்ந்திருப்பதுண்டு. பருமனே நம்பகமான முதல் அடையாளம். செந்தேவாங்கின் நிறை பொதுவாக 100 முதல் 170 கிராம் வரையே, உள்ளங்கையில் அடங்கிவிடும். சாம்பல் தேவாங்கோ 200 கிராமைத் தாண்டும். ஆயினும் குட்டியொன்றைக் கண்டால் இந்த அளவுகோலும் பொய்த்துவிடும். ஆகவேதான் ஆய்வாளர்கள் மண்டையோட்டின் அளவுகளையும் மரபணுவையும் நாடுகின்றனர்.

அத்தகைய ஆய்வொன்றின் பயனாக 2017ஆம் ஆண்டு சாம்பல் தேவாங்கின் புதிய உபஇனம் ஒன்று விவரிக்கப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'ஊவா' என்பதே. தேயிலைக்கும் மண்சரிவுக்குமே பேசப்பட்டு வந்த எமது மாகாணத்தின் பெயர் ஒரு விலங்கின் விஞ்ஞானப் பெயரில் இடம்பிடித்திருப்பதை ஊவாவில் எத்தனை பேர் அறிவர் என்பது ஐயமே.

இது வெறும் பெயர் விவகாரமன்று. ஹோர்ட்டன் சமவெளியின் மலைத் தேவாங்கை எண்ணிப் பாருங்கள். குட்டையான கால்களும் அடர்ந்த உரோமமும் கொண்ட அதனை ஒஸ்மன் ஹில் 1942இல் விவரித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாமையால் அழிந்ததாகவே கருதப்பட்ட அது, 2002இல் கணநேரம் தென்பட்டு, அதன்பின் 2009இல் முதன்முறையாகப் படம்பிடிக்கப்பட்டது. அதனைத் தனி இனமாகவே கொள்ள வேண்டுமோ என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. 'தேவாங்குதான் நாட்டில் நிறைய உண்டே' என்று எண்ணியிருந்தால் அதனை எவரும் தேடியிருக்கவே மாட்டார்கள்.

தேவாங்கு தாவாது. கிளைக்குக் கிளை கை பற்றியே நகரும். தேயிலை மலையால் துண்டாடப்பட்ட காட்டில், ஒரு துண்டில் உள்ளது அடுத்த துண்டுக்குச் செல்வது அரிது. ஓடையோரக் காட்டை விறகுக்காக வெட்டும்போது அறுபடுவது அந்தப் பாதையே. அதன் அழுகையை அபசகுனமாகக் கருதி அடித்துக் கொல்வதும், கண்களை மருந்துக்கும் வசியத்துக்கும் எடுப்பதும் வேறு கொடுமைகள். காப்பாற்றும் எண்ணத்தோடு பிடித்துத் தொலைவிலுள்ள காடொன்றில் கொண்டுபோய் விடுவதையும் நாம் இவற்றுடனேயே சேர்ப்போம். ஓர் உபஇனத்தை இன்னொன்றின் காட்டில் சேர்க்கும் தவறு அது.

கடவூரில் தேவாங்குக்கென்றே 2022இல் சரணாலயம் அமைத்தது தமிழ்நாடு. ஊவாவில் அத்தனை பெரிய ஏற்பாடு இப்போதே வேண்டுமென நாம் கேட்கவில்லை. தேவாங்கைக் கண்டால் தொடாது படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, தோட்டப் பாடசாலைகளுக்கும் கொழுந்து நிறுக்கும் இடங்களுக்கும் அனுப்பினாலே போதுமானது. அதற்கு அதிக செலவு ஏற்படப் போவதில்லை.