டெக்சாஸில் அன்னை மீனாட்சி

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள டெக்சாஸ், தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கிற்கும் பெரிய மாநிலம். ஹூஸ்டன் நகரில் மகன் வீட்டிற்குச் செல்லும் பெற்றோரை முதலில் திகைக்க வைப்பது இந்தப் பரப்புதான். ஹூஸ்டனிலிருந்து மேற்கெல்லையிலுள்ள எல் பாசோ ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கோடைப் புழுக்கமோ சென்னையை நினைவூட்டும். வீட்டினுள் குளிர்சாதனத்தால் போர்வை தேடுவது வேறு கதை.

பழக இயலாதது ஒன்றுண்டு. காலையில் நடந்து சென்று கும்பிடத் தெருமுனைப் பிள்ளையார் இல்லை. காரின்றி எங்கும் செல்ல முடியாது. மகனுக்கு ஓய்வு கிட்டும் நாளே தரிசன நாள். வெள்ளிக்கிழமை வழிபாடு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிடுகிறது.

நகருக்குத் தெற்கே பேர்லாண்டில் கோபுரத்தைக் கண்டதும் நெஞ்சம் நெகிழ்கிறது. அங்கு 1979இல் முதலில் எழுந்தது பிள்ளையார் ஆலயம். 1982இல் மீனாட்சி ஆலயம் குடமுழுக்குக் கண்டது. அன்னையுடன் சுந்தரேசுவரரும் வேங்கடேசுவரரும் தனித்தனிச் சந்நிதிகளில் அருள்கின்றனர். மதுரையில் தங்கையின் திருமணத்திற்கு அழகர் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். இங்கோ அண்ணன் உடனேயே இருக்கிறார்!

அடுத்த தரிசனம் எப்போதோ என்று தாய் மீண்டும் ஒருமுறை வலம் வருகிறார். மகன் கார்ச் சாவியுடன் வாயிலில் காத்திருக்கிறார்.