கபரஸ்தானில் புல் வெட்டும் மெஷின்: கண்ணையும் கையையும் காப்பது எப்படி?



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறக்கும்போது நம் கபரஸ்தானில் புல் இடுப்பளவு நிற்கிறது. ஒரு ஜனாஸா வந்தால் சந்தூக்கைத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்குக் கால் வைக்கும் இடம் தெரிவதில்லை. முன்பு ஏழெட்டுப் பேர் அரிவாளோடு வந்து மூன்று நாள் குனிந்து அறுப்பார்கள். இப்போது பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர் வந்துவிட்டது. ஃபஜ்ருக்குப் பிறகு தொடங்கினால் லுஹருக்குள் முடித்துவிடலாம்.

சென்ற முறை அப்படித்தான் தொடங்கினோம். மெஷின் ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குப் பத்தடி தள்ளி, வெட்டிய புல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த வாலிபரின் கண்ணில் ஒரு ஓட்டுத்துண்டு தெறித்து அடித்தது. கருவிழியில் கீறல். பல நாள் கட்டும் மருந்துமாக இருந்து பார்வை திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி கொடுக்காததும், மெஷின் ஓடும்போதே அள்ள விட்டதும் எங்கள் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இந்த மெஷினைப் பார்த்தால் எல்லோருக்கும் பிளேடு காலில் பட்டுவிடுமோ என்றுதான் பயம். கம்பி நீளமாக இருப்பதால் பிளேடு நம் காலுக்கு எளிதில் வராது. அதிகம் காயப்படுத்துவது அது வீசி எறியும் கல்லும் கண்ணாடித் துண்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நைலான் நரம்பு 40 செ.மீ. அகலத்துக்குச் சுழல்கிறது, நிமிடத்துக்கு 6000 சுற்று என்று வைத்துக்கொண்டால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 450 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அடிபட்ட கூழாங்கல் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மெஷினுடன் வரும் புத்தகங்களில், ஓட்டுகிறவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். 15 மீட்டர் என்றால் நல்ல எட்டாக இருபது எட்டு. அள்ளுகிறவர்கள் அந்த எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். ஒரு பகுதி முடிந்து இன்ஜினை அணைத்த பிறகு உள்ளே வந்து அள்ளலாம். வேலை கொஞ்சம் தாமதமாகும், ஆகட்டும்.

வெட்டுவதற்கு முந்தின நாள் மாலை இரண்டு பேர் கையில் நீளக் கம்போடு இடம் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். உடைந்த பாட்டில், அத்தர் குப்பி, ஓடு, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடலாம். கம்பால் தட்டிக்கொண்டே போனால் பாம்பு இருந்தாலும் விலகும். நம் பகுதியில் கண்ணாடி விரியன் உண்டு, புல்லுக்குள் கிடந்தால் சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றாவதாக, மழையில் உள்வாங்கிய கபர்கள். மேலே புல் மூடியிருக்கும், கீழே மண் இறங்கியிருக்கும். ஓடும் மெஷினோடு ஒருவர் அதில் கால் இறங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.

கபரின் மேல் முளைத்த பச்சைப் புல்லை வெட்டலாமா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். அது மார்க்கச் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வி, இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் நடைபாதையையும் கபர்களுக்கு இடையிலுள்ள இடத்தையும் மட்டுமே மெஷினால் வெட்டுவார்கள்.

மீசான் கல்லுக்குப் பக்கத்தில் இரும்பு பிளேடைக் கொண்டுபோகக் கூடாது. கல்லும் உடையும், பிளேடும் உடையும். அங்கே நைலான் நரம்புதான். இந்த நரம்பு முறைக்கு ஒரு கதை உண்டு. 1971ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கட்டிச் சுழலவிட்டுப் பார்த்தார். மரத்தின் வேரைச் சுற்றியுள்ள புல்லை வேர் அடிபடாமல் வெட்ட வேண்டும் என்பது அவருடைய நோக்கம். நரம்பு கல்லில் பட்டால் தேயும், அறுந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் நம் ஆட்களில் சிலர் நரம்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று சைக்கிள் பிரேக் கம்பியையோ கட்டுக்கம்பியையோ மாட்டுகிறார்கள். அது துண்டு துண்டாக அறுந்து தோட்டா மாதிரிப் பறக்கும். தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். புல் சுற்றிக்கொள்கிறது என்று பிளேடுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றிப் போடுவதும் அதே வகைதான்.

ஓட்டும் முறையில் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் பிளேடு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஆகவே வலமிருந்து இடமாக வீசி, பிளேடின் இடது பாதியால் வெட்ட வேண்டும். வலது முன்பகுதி கல்லிலோ கட்டையிலோ பட்டால் மெஷின் திடீரென்று உதைத்துத் திரும்பும். கைலியும் செருப்புமாக வந்து மெஷினை வாங்கிக்கொள்ளும் வாலிபர்களின் ஆர்வத்தை மதிக்கிறோம். ஆனால் முழு பேன்ட், பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான் இல்லாதவர் கையில் மெஷினைக் கொடுக்க மாட்டோம். சத்தம் 100 டெசிபல் வரை போகிறது. ஒருவரே தொடர்ந்து ஓட்டினால் அதிர்வில் விரல்கள் மரத்துப்போகும், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி கை விஷயம். நரம்பு சிக்கினாலும், பிளேடில் புல் சுற்றினாலும், ரேஸை விட்டுவிட்டு உடனே குனிந்து கையை வைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. ரேஸை விட்ட பிறகும் பிளேடு சில நொடிகள் சுற்றும். இன்ஜினை அணையுங்கள், நிற்கும்வரை பாருங்கள், பிளக்கின் மூடியைக் கழற்றுங்கள், பிறகு கை வையுங்கள். ரேஸ் கொடுக்காதபோதும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தால் ஐடில் ஸ்குரூ ஏறியிருக்கிறது என்று அர்த்தம், சரி செய்யாமல் ஓட்டக் கூடாது. பிளேடு நட்டு பெரும்பாலான மெஷின்களில் தலைகீழ் மரை. கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொண்டு முறுக்கி, வழுக்கி, விரலைக் கிழித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இதே புல் வேலை பார்க்கிறார்கள். அங்கே பெரிய தோட்டங்களில் உட்கார்ந்து ஓட்டும் வண்டியும், அதன் பின்னால் வெட்டிய புல் போய் விழும் பையும் இருக்கும். குனிந்து அள்ளும் வேலை மிச்சம். ஆனால் ஈரப் புல் அந்தக் குழாயில் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கக் கையை விட்டால் உள்ளே பிளேடு காத்திருக்கிறது. பிளேடை நிறுத்தி, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைக் கையில் எடுத்து, சுழற்சி நின்ற பிறகு குச்சியால் தள்ள வேண்டும். பை நிறைந்தால் பாரம் பின்னால் போய்விடும். சரிவில் ஏறும்போது முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி கொடுக்காது. அதனால் மேட்டில் பையை நிறைய விடாமல் முன்னதாகவே காலி செய்வது நல்லது. பை இல்லாமலோ கிழிந்த பையோடோ ஓட்டினால் கல் பின்பக்கமாகப் பறக்கும். போனில் பேசும்போது அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நமக்குச் சாக்குதான் பை. ஆள் காலால் மிதித்து அமுக்கி நிரப்புவதை நிறுத்த வேண்டும். முள்ளும் கண்ணாடியும் சாக்குக்குள்ளும் இருக்கும். கையுறை போட்டு, வாரியால் கூட்டி, முக்கால் சாக்கு நிரப்பினால் போதும். ஈரப் புல்லை இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வைத்துவிட்டுக் கையை விட்டுப் பாருங்கள், உள்ளே சூடேறியிருக்கும். பூஞ்சையும் பிடிக்கும். அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். எரிக்கவே கூடாது. மூலையில் குழி எடுத்து மக்க விட்டால் அடுத்த வருடம் எரு.

வீட்டில் ஆடு வளர்க்கும் சகோதரிகள் இந்தப் புல்லைக் கேட்கிறார்கள். மறுப்பதற்கு மனமில்லை, ஆனால் நரம்பால் வெட்டிய புல்லைக் கொடுக்க மாட்டோம். அறுந்த நைலான் துண்டுகள் அதில் கலந்திருக்கும், ஆட்டின் வயிற்றில் அது செரிக்காது. தீவனத்துக்கு வேண்டியவர்கள் முந்தின நாளே சொன்னால், ஓரத்துப் புல்லை அரிவாளால் அறுத்துத் தனியாக வைக்கிறோம்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நம் மெஷின் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லிட்டருக்கு 20 மி.லி. முதல் 40 மி.லி. வரை. டேங்க் மீது எழுதியிருப்பதைப் பார்த்துக் கலக்குங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தால் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது, பீடி பற்றிய ஆள் பக்கத்தில் வரக் கூடாது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்பரேட்டர் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு அணைத்து வையுங்கள். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கியர் பாக்ஸுக்கு கிரீஸ்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் அடி படலாம். கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கசக்காதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணில் அழுத்தாமல் மேலே கவிழ்த்துக் கட்டி உடனே கூட்டிப்போங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை பக்கம், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீரில் கழுவலாம். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த இடத்தை அசைக்காமல் 108க்குச் சொல்லுங்கள்.

இந்த முறை டிரஸ்ட் சார்பில் கண்ணாடி 8, காதடைப்பான் 2, கையுறை 10 ஜோடி, பூட்ஸ் 3 ஜோடி வாங்கி பள்ளிவாசல் அறையில் வைத்திருக்கிறோம். பூட்ஸ் 8, 9, 10 சைஸ்தான் இருக்கிறது. சின்னக் கால் உள்ளவர்கள் தடித்த சாக்ஸ் போட்டு வரவும். ஷஃபான் பிறப்பதற்கு முந்தின ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு வேலை, இன்ஷா அல்லாஹ். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கம்போடு நடந்து பார்க்க இரண்டு பேர் வேண்டும். பிள்ளைகளை அன்று அழைத்து வர வேண்டாம்.