வந்ததெல்லாம் வாய்ப்பா?

டீயை ஆற்றிக் குடியுங்கள், அவசரமில்லை. "ஒரு நல்ல சான்ஸ் வந்திருக்கு, போகலாமா?" என்று யாராவது கேட்டால் நாம் உடனே அந்த சான்ஸைப் பற்றித்தான் விசாரிக்கிறோம். பணம் எவ்வளவு, ஆட்கள் எப்படி, எத்தனை நாளைக்கு? எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் இத்தனைக்கும் நல்ல பதில் வந்த பிறகும் கேட்டவர் குழப்பத்தோடுதான் எழுந்து போவார். ஏனென்றால் நாம் விசாரித்தது பாதிதான். அந்த வாய்ப்பு உள்ளே வந்தால் அவருடைய நாளிலிருந்து எது வெளியே போகும்? அதை யாரும் கேட்கவில்லை.

ஒரே வாய்ப்பு மூன்று பேரிடம் போன கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

1831-இல் இங்கிலாந்தின் 'பீகிள்' என்ற கடற்படைக் கப்பல் தென் அமெரிக்கக் கரையோரங்களை அளக்கக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய். இயற்கை அறிவியல் தெரிந்த, பேச்சுத் துணைக்கும் ஆகிற ஒருவர் உடன் வந்தால் நல்லது என்று அவர் நினைத்தார். சம்பளம் கிடையாது, சொந்தச் செலவில் வர வேண்டும். விஷயம் கேம்பிரிட்ஜில் இருந்த தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் காதுக்கு வந்தது.

லெனார்ட் ஜெனின்ஸ் என்ற பாதிரியாரிடம் கேட்டார்கள். பூச்சி, மீன், பறவை எல்லாவற்றிலும் தேர்ந்தவர். ஆசை இருந்தும், தன் பங்கு மக்களை விட்டுவிட்டுப் போக முடியாது என்று மறுத்துவிட்டார். ஹென்ஸ்லோவுக்கே ஒரு கணம் போகலாமா என்று தோன்றியது. மனைவியின் முகம் வாடியதைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டார். பிறகுதான் தன் மாணவர் ஒருவரின் பெயரைச் சொன்னார். 22 வயது, படிப்பு முடிந்துவிட்டது, ஏதோ ஒரு கிராமத்தில் பாதிரியாராகலாம் என்ற யோசனை. பெயர் சார்லஸ் டார்வின்.

வேல்ஸ் மலைகளில் பாறைகளைப் பார்த்துவிட்டு ஆகஸ்ட் 29 அன்று டார்வின் வீடு திரும்பியபோது கடிதம் காத்திருந்தது. அவருக்குக் குதிக்காத குறை. டாக்டரான அப்பாவுக்கோ துளியும் பிடிக்கவில்லை. பாதிரியாராகப் போகிறவனுக்கு இது கௌரவமில்லை, விவேகமில்லாத திட்டம், இதற்கு முன் பலரைக் கேட்டிருப்பார்கள், அவர்கள் வேண்டாம் என்றால் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ கோளாறு இருக்க வேண்டும், திரும்பி வந்தால் ஓரிடத்தில் உட்கார மாட்டாய், கப்பலில் வசதி இருக்காது, மறுபடியும் தொழிலை மாற்றுகிறாய், ஒரு பயனும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலிருந்து இதில் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் அப்பா கதவை முழுக்கச் சாத்தவில்லை. விவரம் தெரிந்த யாராவது ஒருவர் போகச் சொன்னால் சம்மதிக்கிறேன் என்றார்.

டார்வின் மறுப்புக் கடிதம் எழுதிவிட்டு, கௌதாரி வேட்டைக்காகத் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் வீட்டுக்குப் போனார். மாமா செய்த காரியம்தான் நமக்குப் பாடம். அப்பாவின் ஆட்சேபங்களை வரிசையாக எழுதித் தரச் சொன்னார். எட்டு தேறியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அப்பாவுக்கு அனுப்பினார்.

எட்டில் ஏழாவதைக் கவனியுங்கள்: தொழில் மாற்றுகிறான் என்பது. அதற்கு மாமா சொன்னதன் சாரம் இது. சார்லஸ் இப்போது பாதிரியார் படிப்பில் மூழ்கியிருந்தால் அதைக் கலைக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அவன் அதில் இல்லை, இருக்கப்போவதாகவும் தெரியவில்லை. இப்போது அவன் தானாகத் தேடிக்கொண்டிருக்கும் அறிவும் இந்தப் பயணத்தில் செய்ய வேண்டிய வேலையும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன.

எட்டாவது ஆட்சேபத்துக்கு மாமா மழுப்பவில்லை. தொழிலைப் பொறுத்தவரை பயனில்லைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இவ்வளவு அறியும் ஆவல் உள்ள பையனுக்கு உலகத்தையும் மனிதர்களையும் பார்க்க இப்படியொரு சந்தர்ப்பம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றார். அப்பா இறங்கிவந்தார். செலவையும் ஏற்றுக்கொண்டார்.

டார்வின் பின்னால் பெரிய ஆள் ஆனதால்தான் இந்த முடிவு சரி என்று நினைக்க வேண்டாம். கப்பல் கவிழ்ந்திருந்தாலும் 1831-இல் எடுத்த முடிவு நல்ல முடிவுதான். அதேபோல, ஜெனின்ஸ் கோட்டைவிட்டார் என்று சிரிப்பதும் தப்பு. அவர் கையில் நடந்துகொண்டிருந்த வேலை இருந்தது, அவரை நம்பி ஜனங்கள் இருந்தார்கள். டார்வினின் கையில் இருந்தது ஒரு யோசனை மட்டும். கப்பல் ஒன்றுதான், ஒருவரிடமிருந்து அது எடுத்துக்கொள்ள இருந்தது நிறைய, இன்னொருவரிடமிருந்து கொஞ்சம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டார்வின் அந்தப் பயணத்தில் சேகரித்த மீன்களை ஆராய்ந்து எழுதும் பொறுப்பு பிறகு ஜெனின்ஸிடமே வந்தது. 1840-களின் தொடக்கத்தில் அது நூலாக முடிந்தது. ஒன்றை மறுத்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வீண்.

அடுத்தது காலக் கணக்கு. பயணம் இரண்டு வருஷம் என்றுதான் முதலில் சொன்னார்கள். 1831 டிசம்பர் 27 அன்று கிளம்பிய கப்பல் திரும்பி வந்தது 1836 அக்டோபர் 2 அன்று. கிட்டத்தட்ட ஐந்து வருஷம். யாராவது "வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் சார்" என்றால் அதை ஐந்து மணி நேரமாக எழுதிக்கொண்டு யோசியுங்கள். அப்போதும் சரிப்பட்டு வந்தால் சரி. அதோடு, நடுவில் இறங்க முடியுமா என்று பாருங்கள். டார்வின் சம்பளக்காரர் இல்லை. பிடிக்காவிட்டால் ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கி ஊருக்குத் திரும்பியிருக்கலாம். இறங்க முடிகிற வாய்ப்புக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, போய்ப் பார்த்துவிடலாம். கூட்டுத் தொழில், ஜாமீன் கையெழுத்து, வீட்டை அடகு வைப்பது போன்றவைதான் இறங்க முடியாதவை. யோசனையை அங்கே செலவழியுங்கள்.

மூன்றாவது, தெம்பு. பதவியின் பெயரைப் பார்க்காமல் ஒரு நாளின் வேலையைப் பார்க்க வேண்டும். டார்வினுக்குக் கப்பல் ஏறினாலே வாந்தி, கடைசிவரை பழகவில்லை. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் அவர் கடல்மேல் இருந்தது சுமார் 18 மாதம்தான். மற்ற நாளெல்லாம் தரையில் குதிரை ஏறி, பாறை உடைத்து, எலும்பு தோண்டி, அவருக்குப் பிடித்த வேலை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி என்றால் கேட்க மரியாதையாக இருக்கிறது. அதன் செவ்வாய்க்கிழமை என்பது தண்ணி லாரிக்காரருக்குப் போன் அடிப்பதும் பராமரிப்புப் பணம் கட்டாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதும். அது உங்களுக்குப் பிடிக்குமா என்பதே கேள்வி.

இதையெல்லாம் மனதுக்குள்ளேயே வைத்து யோசித்தால் சுற்றிச் சுற்றி வரும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். 1772-இல் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, தன்னிடம் வேலைக்கு வரும்படி ஒரு பிரபுவிடமிருந்து அழைப்பு வந்தது. அதை ஏற்பதா என்று பிரீஸ்ட்லி கேட்டதற்கு, என்ன முடிவு என்று சொல்ல முடியாது, எப்படி முடிவெடுப்பது என்று சொல்கிறேன் என்று பிராங்க்ளின் எழுதினார். ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுத வேண்டும். எடை சமமானவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரே உட்காரலில் எல்லாக் காரணமும் நினைவுக்கு வராது, அதனால்தான் மனம் ஊசலாடுகிறது என்பது அவர் கணிப்பு. பிரீஸ்ட்லி அழைப்பை ஏற்றார். 1774-இல் ஆக்ஸிஜனைப் பிரித்தெடுத்தது அந்த வேலையில் இருந்தபோதுதான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். வீட்டிலேயே தைக்கும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு பள்ளிக்கூடம் யூனிஃபார்ம் ஆர்டர் தருகிறது. 200 செட், செட்டுக்கு 250 ரூபாய் தையல் கூலி, பள்ளி திறப்பதற்குள் வேண்டும். 50,000 ரூபாய் ஒரே கையில். யாருக்கும் ஆசை வரும்.

தாளை எடுப்போம். ஓவர்லாக், காஜா, பட்டன் எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு இரண்டரை மணி நேரம். மொத்தம் 500 மணி நேரம். பள்ளி திறக்க 40 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் மிதித்தாலும் 320 மணி நேரம்தான் இருக்கிறது. முதல் அடியிலேயே இடிக்கிறது. அடுத்து, வெளியே போவது எது? வைகாசி முகூர்த்தம். லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம், 350 ரூபாய், பணம் கையோடு. மணிக்கு 175 ரூபாய் வருகிற நேரத்தைக் கொடுத்து மணிக்கு 100 ரூபாய் வாங்கப் போகிறார். பள்ளிக்கூடப் பணம் எப்போது வரும் என்பது வேறு விஷயம். கல்யாண ஜாக்கெட்டைத் தைத்துத் தராவிட்டால் அந்த வாடிக்கை வேறு தெருவுக்குப் போய்விடும்.

இதே ஆர்டர் ஆடியில் வந்தால்? முகூர்த்தம் இல்லை, மெஷின் சும்மா கிடக்கிறது. அப்போது மணிக்கு 100 ரூபாய் என்பது தேடி வந்த லட்சுமி. ஆர்டர் அதேதான். அக்காவின் மாதம்தான் வேறு.

அதனால் அவர் சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு எப்படியும் இரண்டு செட் வேண்டும். முதல் செட்டை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது செட்டை ஆடியில் தைத்துத் தருகிறேன், பாதிப் பணம் முன்பணமாக வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால், முடியாது என்பதை இரண்டே நாளில் சொல்லிவிட்டு, நன்றாகத் தைக்கும் இன்னொருவரின் போன் நம்பரையும் கொடுத்துவிடலாம். வைகாசி ஜாக்கெட்டுகள் நேரத்துக்குப் போய்ச் சேரும்.