மயக்கம் தெளியும் குழந்தையும் உடல் உஷ்ணமும்

ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் குழந்தை வெடவெடவென்று நடுங்குவதைக் கண்டு பதறும் தாய்க்கு, "மயக்கம் தெளிகிறபோது அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. ஆயினும் உஷ்ணம் எத்தனை டிகிரி என்று அளந்து பார்க்காமல் சொல்லப்படும் அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் அவளுக்கில்லை.

விழித்திருக்கும் சரீரம், குளிர் பட்டதும் தோலடி ரத்தக் குழாய்களைச் சுருக்கி உள்ளுஷ்ணத்தைக் காத்துக்கொள்ளும் சுபாவமுடையது. மயக்க மருந்து அந்தக் காவலைத் தளர்த்திவிடுவதால், நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த சூடு கைகால்களுக்குப் பரவி, தியேட்டரின் ஏ.ஸி. குளிரில் வீணாகிறது. எடையை நோக்கத் தோற்பரப்பு அதிகமாயும் தோலடிக் கொழுப்பு சொற்பமாயும் உள்ள குழந்தைக்கு இந்த நஷ்டம் விரைவில் நேர்கிறது. பச்சிளம் சிசுவுக்கோ நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் சக்தி அநேகமாக இல்லை. ஆகவே, நடுங்கவில்லை என்பதனால் அதற்குக் குளிரவில்லை என்று எண்ணிவிடலாகாது.

உள்ளுஷ்ணம் 36 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே இறங்கினால் மயக்கம் தெளியத் தாமதமாகும். ரத்தம் உறைவது மந்தப்படும். நடுக்கத்தால் பிராணவாயுவின் தேவை பெருகும். பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பெரியவர்களை ஆராய்ந்து 1996-இல் வெளியான முடிவின்படி, உடல் குளிர்ந்தவர்களில் 100-க்கு 19 பேருக்குக் காயத்தில் கிருமி தொற்றியிருக்க, கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 பேருக்கே தொற்றியது.

பரிகாரம் பெரிய வித்தை அல்ல: ஈரத்துணியை உடனே மாற்றுவதும், தலைக்குக் குல்லாய் இடுவதும், வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தும் வார்மர் போர்வையை உபயோகிப்பதும், இடையிடையே உஷ்ணத்தை அளப்பதுமே. பாட்டிமார் பரிவோடு கொண்டுவரும் வெந்நீர்ப் பாட்டில் மட்டும் வேண்டாம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போடப்பட்ட குழந்தைக்குச் சூடு உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் நமக்குத் தெரியும். முகத்தையும் மூடிவிடாதீர்கள், மூச்சு விடுவது நர்ஸின் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், குழந்தையின் உஷ்ணத்தைக் காக்க என்ன ஏற்பாடு உண்டு என்று மயக்க டாக்டரையே கேளுங்கள். சிகிச்சையின் அபாயங்களை அறிந்து சம்மதிப்பது உங்கள் உரிமை. தீங்கு நேர்ந்ததாகச் சந்தேகித்தால், மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுத்துமூலம் கோருங்கள். 72 மணி நேரத்துக்குள் அதைத் தரவேண்டும் என்பது 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியானால், 2 வருஷங்களுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்படாது என்பது 1995-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. பெரிய அரசு ஆஸ்பத்திரியானால் டீனிடம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.