வேர்வை சிந்தினால் உப்பு கூடுதலாக வேண்டுமா?

லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் காதில் விழும் பேச்சு இது: "வெயில்ல வேர்த்துக் கொட்டுற உடம்பு, உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கணும்." செம்பனைக் குலை அறுப்பவருக்கு வேர்வையோடு உப்பும் போவது உண்மைதான். அதை அன்றாடச் சோறும் குழம்புமே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். வேலைக்காட்டில் உடம்பு முதலில் கேட்பது தண்ணீரை.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலேசியாவில் 2017-18இல் நடந்த ஆய்வில் பெரியவர்களின் சராசரி 7.9 கிராம். மிஞ்சும் சோடியம் உடம்பில் நீரைத் தேக்குகிறது. ரத்தத்தின் கனஅளவு கூடுகிறது. குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. வருடக்கணக்கில் இது நீடித்தால் மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றும் அடிவாங்கும். அழுத்தம் ஏறியிருந்தாலும் வலியோ தலைசுற்றலோ இருக்க வேண்டும் என்பதில்லை. 2019இன் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 10 பேரில் மூவர் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

நம் வீட்டில் உப்பு ஜாடியில் மட்டும் இல்லை. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், கீச்சாப், பெலாச்சான் என்று பல வழிகளில் வருகிறது. பாக்கெட் மீயின் தூளை முழுதாகக் கொட்டினால், பல வகைகளில் ஒரு நாள் அளவில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். பாதித் தூள் போதும். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட்டில் 'நத்ரியம்' என்றிருப்பதுதான் சோடியம். நாளுக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அழுத்தம் பார்க்கக் கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று தள்ளிப்போடுபவர்கள் பலர். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு மருந்தோடு சேர்த்து 1 ரிங்கிட்தான். அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். 1955 வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பும் உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைந்த வேலைக்கு ஆண்டில் 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவர் நோய் விடுப்புச் சான்றிதழ் (எம்.சி.) தர வேண்டும், 48 மணி நேரத்துக்குள் தோட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பளம் வெட்டினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். பக்கவாதத்தால் உழைக்க முடியாமல் போனவர், போதிய சந்தா கட்டியிருந்தால், பெர்கெசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இலாட் (இயலாமை) பென்ஷன் கேட்கலாம்.

மாத்திரை எழுதித் தந்தால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நாற்பதைத் தாண்டியும் இதுவரை அழுத்தம் பார்க்காதவர்கள் இந்த மாதமே போய்ப் பாருங்கள். கணவனோ மனைவியோ தனியாகப் போக வேண்டாம். இருவரும் சேர்ந்தே போங்கள்.