ராடு முறிஞ்சா என்ஜினே காலி! ரிக் வண்டிக்காரர்கள் உஷார்

திருச்செங்கோடு:

போர்வெல் ரிக் வண்டிகளில் கம்ப்ரசரை ஓட்டுவது பெரிய குதிரைத்திறன் டீசல் என்ஜின். மணிக்கணக்கில் முழு லோடில் ஓடும். அதில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது கனெக்டிங் ராடு. அது முறிந்தால் பிளாக்கை பொத்துக்கிட்டு வெளியே வந்துடும். பல லட்ச ரூபாய் என்ஜின் அம்பேல்தான். வண்டி நின்றாலும் பைனான்ஸ் தவணை நிற்காது.

ஒரிஜினலுக்கு பதில் வேறு கம்பெனி ராடு போடுபவர்கள் விலையை மட்டும் பார்த்தால் போதாது.

* போர்ஜிங் செய்த ஸ்டீல் ராடுதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

* மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் உள்ள நீளம் பழைய ராடு அளவே இருக்க வேண்டும். கூடினால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். குறைந்தால் கம்ப்ரஷன் போச்சு.

* செட்டில் எல்லா ராடும் ஒரே எடை இருக்கணும். இல்லாவிட்டால் அதிர்வு வந்து பேரிங் அடிவாங்கும்.

* ஒரு ராடின் கேப்பை இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது.

பம்பில் டீசலை கூட்டி பவர் ஏற்றினால் ராடை அமுக்கும் சக்தி கூடும். ஆர்.பி.எம். ஏறினால் போல்ட்டை இழுக்கும் சக்தி கூடும். ராடு கெட்டியாக இருந்தும் போல்ட் அறுந்தால் அதே கதிதான். எனவே புது போல்ட் போட்டு, டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும்.

பழைய ராடையே போடுவதானால் காந்த சோதனையில் விரிசல் பார்ப்பது அவசியம். சிலிண்டரில் தண்ணீர் புகுந்த என்ஜின் என்றால் வளைவும் பார்க்கணும்.